பாடத்தைத் திருத்தும் உரிமை: மறையூர்ப் பள்ளிகளும் திறந்த உரிமக் கல்விப் பொருள்களும்

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் மலைச்சாலையில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் மறையூர் அமைந்துள்ளது. இது கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்ததாகும். இயற்கையாக வளரும் சந்தன மரக் காடும், முனியறை என்று மக்கள் வழங்கும் பெருங்கற்காலக் கல்லறைகளும், 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற உருண்டை வெல்லமும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. இங்கும் சுற்றுப்புறங்களிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் திரளாக வாழ்கின்றனர். இத்தகைய மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கென்று இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் நடைபெறுகின்றன. கேரள அரசாங்கம் தன் பாடநூல்களைத் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிட்டு வருகின்றது.

நூல் தமிழில் கிடைத்துவிட்டால் குறை தீர்ந்ததாகுமா? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊருக்குப் பொருந்தாத உதாரணம்

பருவமழையைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் பெரும்பகுதியில் ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகின்றது. புதிய வகுப்பிற்குச் செல்லும் குழந்தை குடை பிடித்துச் செல்வது அந்நாட்டின் வழக்கமான காட்சி. ஆதலின் மழையைப் பற்றிய பாடம் ஜூன் மாதத்து அடைமழையிலிருந்து தொடங்குவது கடற்கரைச் சமவெளியில் வாழும் மாணவனுக்கு மிகப் பொருத்தமாகும்.

மறையூர் மாணவன் காண்பதோ வேறு. அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்புகின்றது. மேலே செல்லச் செல்லக் குளிர்ந்து, தன்னிடமுள்ள நீராவியை மழையாகப் பொழிகின்றது. ஆண்டில் 3,000 மில்லிமீட்டருக்கு மேலும் மழை பெறும் மூணாற்றுப் பகுதி இவ்வாறு நனைகின்றது. மலையைக் கடந்து மறுபுறம் இறங்கும் காற்று அழுத்தத்தால் வெப்பமடைந்து வறண்டுவிடுகின்றது. இவ்வாறு மழை குன்றிய நிலப்பகுதியை மழை மறைவுப் பிரதேசம் என்பர். மறையூரும் அதனை அடுத்த சின்னாறு வனவிலங்குச் சரணாலயமும் இத்தகைய பிரதேசத்தில் உள்ளன. சின்னாற்றில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 500 மில்லிமீட்டர் அளவே. அதுவும் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. பெயர்க்காரணம் எதுவாயினும், மழை மறையும் ஊர் என்று இதனைக் கூறினும் தகும்.

ஆறுகளைப் பற்றிய பாடமும் இவ்வாறே. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்று மட்டுமே கிழக்கு நோக்கிச் செல்கின்றன. இவற்றுள் பாம்பாறு மறையூர் வழியே பாய்ந்து அமராவதியில் சேர்ந்து, முடிவில் காவிரியோடு கலக்கின்றது. எங்கும் பொது விதியைக் கற்கும் மாணவர்களுள் மறையூர்ச் சிறுவன் தன் வாயிற்படியில் விதிவிலக்கைக் காண்கின்றான். நல்லாசிரியருக்கு இதனினும் சிறந்த பாடப்பொருள் வேறு கிடைப்பதரிது.

மாநிலம் முழுமைக்கும் எழுதப்படும் நூல் பெரும்பான்மையினருக்குப் பொருந்துமாறு அமைவது இயல்பே; அதனைக் குறையென்று கூறுவதற்கில்லை. ஆனால் அந்நூலின் பாடம் ஒன்றை மறையூருக்கு ஏற்பத் திருத்தி, படம் சேர்த்து, அச்சிட்டு, காந்தளூர்ப் பள்ளிக்கும் வட்டவடைப் பள்ளிக்கும் அனுப்ப ஓர் ஆசிரியர் விரும்பினால், அவரால் அது இயலுமா? ஆற்றலும் ஆர்வமும் அவரிடம் இருக்கலாம். அனுமதி இருக்கின்றதா என்பதே கேள்வி.

இலவசம் வேறு, உரிமை வேறு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இதன்படி ஒரு நூலைப் படியெடுக்கவும், வெளியிடவும், மொழிபெயர்க்கவும், மாற்றியமைக்கவும் உள்ள உரிமை அதன் உரிமையாளரையே சாரும். இவ்வுரிமையைப் பெறப் பதிவு செய்ய வேண்டுவதில்லை. நூல் எழுதப்பட்ட அளவிலேயே அது தோன்றிவிடுகின்றது. ஆசிரியரின் ஆயுட்காலமும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் இது நீடிக்கும். அரசாங்க வெளியீடாயின் வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டுகள் வரை இருக்கும். ஆகவே, உரிமத்தைப் பற்றி ஒன்றும் கூறாத ஒரு பாடக்குறிப்பு, யாவரும் எடுத்தாளத்தக்கது அன்று. சட்டத்தின் கண்ணில் அது பூட்டிய அறையே ஆகும்.

கற்பித்தலுக்குச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது என்பது உண்மை. போதனையின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பது பதிப்புரிமையை மீறுவதாகாது என்று 52ஆம் பிரிவு கூறுகின்றது. பல்கலைக்கழக மாணவர்களுக்காக நூற்பகுதிகளைப் படியெடுத்துத் தொகுத்ததைப் பற்றிய வழக்கில், டில்லி உயர் நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் இப்பிரிவுக்குப் பரந்த பொருள் கொண்டது. எனினும் இவ்விலக்கு போதனையின் எல்லைக்குள் நிற்பது. திருத்திய பாடத்தைப் புத்தகமாக வெளியிட்டு ஊர்தோறும் பரப்புவதற்கு இதனை முழுமையாக நம்பியிருத்தல் இயலாது.

இங்கே பலருக்கும் ஒரு மயக்கம் ஏற்படுகின்றது. இணையத்தில் காசின்றிக் கிடைப்பதெல்லாம் எவரும் விரும்பியவாறு பயன்படுத்தத்தக்கது என்று எண்ணுகின்றனர். உதாரணமாக, தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் பாடநூல்களை யாவரும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிப் படிக்கலாம். ஆயினும் அவற்றின் முன்பக்கங்களில், உரிமைகள் யாவும் காக்கப்பட்டவை என்னும் அறிவிப்பு அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். படிக்கும் வசதி வேறு. மாற்றும் உரிமை வேறு.

இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் நன்கறிவர். பல ஆண்டுகளுக்கு முன், வானிலையைப் பற்றிய ஒரு சிறு நூலைத் தமிழாக்க விரும்பி, இக்கட்டுரையாளர் அதன் வெளியீட்டாளருக்கு எழுதினார். மறுப்பு ஏதுமில்லை, பதிலே இல்லை. நினைவூட்டுக் கடிதங்கள் சென்றன. இறுதியில் அனுமதி வந்தபோது, எந்த வகுப்பு மாணவருக்காக அது வேண்டப்பட்டதோ அம்மாணவர்கள் பள்ளியை விட்டே சென்றிருந்தனர். கெட்ட எண்ணத்தால் நிகழ்ந்த தாமதம் அன்று அது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டிய ஏற்பாட்டில் இயல்பாக நேர்வதே அது. தேவைப்படும் பிரதிகள் சில நூறாக இருக்கும்போது அத்துணைக் கடிதப் போக்குவரத்தை மேற்கொள்ள எந்த நிறுவனமும் முன்வருவதில்லை. ஆகவே சிறு எண்ணிக்கையினரான மாணவர்களே இதனால் மிகுதியும் இழக்கின்றனர்.

திறந்த உரிமம் என்பது யாது?

இவ்விடர்ப்பாட்டிற்குத் தீர்வாக ஏற்பட்டதே திறந்த உரிமம். அனுமதி கேட்பவர் வரும் வரை காத்திராமல், உரிமையாளர் தம் படைப்பின் மீதே முன்கூட்டி அனுமதியை எழுதி வைத்து விடுகின்றார். இவ்வாறு அனுமதிக்கப்பட்ட பாடநூல், படம், ஒலிப்பதிவு, வினாத்தாள், கணிப்பொறிப் பயிற்சி முதலியவற்றைத் திறந்த கல்வி வளங்கள் என்று அழைப்பர். இப்பெயர் 2002ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் வழக்கிற்கு வந்தது. இவற்றைப் பற்றிய பரிந்துரை ஒன்றை யுனெஸ்கோவின் பொது மாநாடு 2019ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்றுக்கொண்டது.

ஒரு பொருள் முழுமையாகத் திறந்தது என்று கூற வேண்டுமாயின், அதனைப் பெறுபவருக்கு ஐந்து உரிமைகள் இருத்தல் வேண்டும். பிரதியைத் தம்மிடம் நிலையாக வைத்துக்கொள்ளுதல், விரும்பும் இடத்தில் பயன்படுத்துதல், திருத்துதல், பிறவற்றோடு சேர்த்துத் தொகுத்தல், பிறருக்கு வழங்குதல் ஆகியவையே அவை. மொழிபெயர்த்தல் திருத்துதலில் அடங்கும். வைத்துக்கொள்ளும் உரிமை அற்பமானதன்று. இணையத் தொடர்பு தடைப்படும் மலையூரில், பாடத்தை ஒருமுறை இறக்கி, சிறு நினைவகத்தில் வைத்துப் பள்ளிக்குப் பள்ளி கொண்டு செல்ல இயல்வது பெரும் உதவியாகும்.

இத்தகைய உரிமங்களுள் மிகப் பரவலானது கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது. இதே பெயருடைய அமைப்பு 2001ஆம் ஆண்டில் தோன்றியது. முதல் உரிமங்களை 2002 டிசம்பரில் வெளியிட்டது. நான்கு நிபந்தனைகளைப் பல வகையில் சேர்த்து ஆறு உரிமங்கள் ஆக்கப்பட்டுள்ளன. ஆக்கியோன் பெயரைக் குறிப்பிடுக என்பது முதல் நிபந்தனை. இது ஆறிலும் உண்டு. திருத்தியதையும் அதே உரிமத்தில் வெளியிடுக என்பது இரண்டாவது. வாணிப நோக்கில் பயன்படுத்தற்க என்பது மூன்றாவது. மாற்றியதைப் பரப்பற்க என்பது நான்காவது.

இந்நான்கையும் ஒரே தரத்தில் வைத்தெண்ணுதல் தவறாகும். நான்காவது நிபந்தனையுடைய பாடத்தை மறையூருக்கு ஏற்ப மாற்றி வெளியிட முடியாது. தமிழாக்கி வெளியிடவும் முடியாது. அது படியெடுப்பவருக்குப் பயன்படும், மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்படாது. மூன்றாவது நிபந்தனை நியாயமாகத் தோன்றினும், ஊரிலுள்ள அச்சகத்தார் காகிதச் செலவிற்கும் கூலிக்கும் சிறு இலாபம் வைத்து விற்பதற்கு அஞ்சித் தயங்கக்கூடும். ஆகவே கல்விக்கு மிகவும் உகந்தவை, பெயரை மட்டும் வேண்டுவதும், பெயரோடு அதே உரிமத்தை வேண்டுவதும் ஆகிய இரண்டுமே எனலாம்.

தமிழில் ஏற்பட்டுள்ள வழிகள்

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருத வேண்டுவதில்லை. சுப்பிரமணிய பாரதியாரின் நூல்களுக்குரிய உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949ஆம் ஆண்டில் பெற்று, 1955ஆம் ஆண்டில் அவற்றை மக்களின் பொதுவுடைமை ஆக்கிற்று. அன்று முதல் எந்தப் பதிப்பகமும் எந்தப் பள்ளியும் எவரிடமும் கேளாமல் அவற்றை அச்சிட முடிந்தது. மலிவுப் பதிப்புகள் பெருகி, பாரதியின் பாடல் சிற்றூர்களையும் எட்டியது. அதன் பின்னர்த் தமிழ்நாட்டரசு பல ஆசிரியர்களின் நூல்களை இவ்வாறு நாட்டுடைமை ஆக்கியுள்ளது. அந்நூல்களுள் 2,000க்கு மேற்பட்டவற்றின் மின்வடிவங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் முழு உரிமைத் துறப்புடன் வழங்க, அவை தமிழ் விக்கிமூலத்தில் இடம்பெற்றன.

இன்று ஓர் ஆசிரியர் எடுத்தாளத்தக்க பொருள்கள் வேறு பலவும் உள்ளன. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரும் நிபந்தனையோடு கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் தளத்தில், குழந்தைக் கதைகளைப் படங்களோடு எடுத்து வேறு மொழியில் பெயர்த்து வெளியிட அனுமதி உண்டு. அச்சுநூல் காணாத பழங்குடி மொழிகளுக்கு இது ஏற்ற வாய்ப்பாகும். மத்திய அரசாங்கமும் 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியத்தைத் தொடங்கி, திறந்த உரிமத்தையே அதன் பொது விதியாகக் கொண்டது. 2017ஆம் ஆண்டில் தீக்ஷா என்னும் தளம் ஏற்பட்டது.

கேரளத்திற்கு இத்துறையில் தனிச் சிறப்பு உண்டு. 2001ஆம் ஆண்டில் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் பெயரில் தொடங்கி, 2017இல் கைட் என்னும் நிறுவனமாக மாறிய அமைப்பு, பள்ளிக் கணிப்பொறிகளில் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்தும் கொள்கையை நிலைநாட்டியது. மென்பொருளைத் திருத்தவும் பகிரவும் பழகிய ஆசிரியருக்கு, பாடத்தைத் திருத்திப் பகிர்தல் அதே பாதையில் அடுத்த அடியே ஆகும்.

ஒரு பாடத்தைத் திருத்தும் முறை

மறையூர் ஆசிரியர் ஒருவர் மழை மறைவுப் பிரதேசத்தைப் பற்றி நான்கு பக்கப் பாடம் ஒன்று ஆக்க விரும்புகின்றார் எனக் கொள்வோம். அவர் முதலில் செய்ய வேண்டுவது, தாம் எடுக்கும் கட்டுரைக்கும் ஒவ்வொரு படத்திற்கும் உரிய உரிமத்தைத் தனித்தனியே பார்த்தலாகும். கட்டுரை திறந்ததாயிருந்தும் அதிலுள்ள நிழற்படம் திறந்ததாக இல்லாமலிருக்கலாம்.

அடுத்து, பொது உதாரணங்களை நீக்கி, ஆனைமுடி, மூணாறு, மறையூர், உடுமலைப்பேட்டை என்னும் வரிசையில் காற்று செல்லும் பாதையை வரைந்து சேர்க்கலாம். பின்னர் மாணவரே அளக்கும் பயிற்சி ஒன்றை வைக்கலாம். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, அதில் தேங்கும் நீரின் ஆழத்தை நாள்தோறும் காலையில் அளவுகோலால் அளந்தால், அதுவே அன்றைய மழையளவாகும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் என்பதையும் அவர்கள் கணக்கிட்டறியலாம். மூணாற்றிலுள்ள ஒரு பள்ளியும் இவ்வாறே அளந்து, இரு பள்ளிகளும் அட்டவணைகளை மாற்றிக்கொண்டால், மழை மறைவு என்னும் சொல் மாணவரின் கைக்கணக்கில் நிரூபணமாகிவிடும்.

சந்தன மரத்தைப் பற்றிய பாடத்திற்கும் இம்முறை பொருந்தும். சந்தன மரம் தன் இலைகளால் உணவு தயாரித்துக்கொள்ளினும், அண்டையிலுள்ள செடிகளின் வேர்களில் தன் உறிஞ்சு வேர்களைப் பதித்து நீரையும் தாதுப்பொருள்களையும் பெறும் அரை ஒட்டுண்ணியாகும். இலை உணவு தயாரிக்கும் செயலைத் தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை என்பர். இலங்கைப் பாடநூல்கள் ஒளித்தொகுப்பு என்று கூறும். இவ்வாறே வேதியியல் அங்கே இரசாயனவியல் எனப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் ஆக்கப்பட்ட நல்ல பாடம் ஒன்று திறந்த உரிமத்தில் கிடைக்குமாயின், கலைச்சொற்களை மட்டும் மாற்றி மறையூரில் கற்பிக்கலாம். திருத்தும் உரிமை இல்லாத இடத்தில், ஒரே மொழியைப் பேசும் இரு நாட்டு மாணவரும் ஒருவர் உழைப்பால் மற்றவர் பயனடைய முடியாமற் போகின்றது.

இறுதியாக, பாடத்தின் கீழே ஒரு குறிப்பு எழுதுதல் வேண்டும். மூலத்தின் தலைப்பு, ஆக்கியோன் பெயர், கிடைத்த இடம், உரிமத்தின் பெயர், செய்த மாற்றம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். நன்றி தெரிவித்தல் மட்டுமன்று இதன் பயன். பிழை காணப்பட்டால் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவும் இதுவே வழிகாட்டும். அதன் பின், ஆசிரியர் தம் திருத்தத்திற்கும் ஓர் உரிமம் எழுதி வைக்க வேண்டும். இல்லையேல், பிறரிடமிருந்து திறந்த கதவின் வழியே பெற்றதை அவரே பூட்டியவராவார்.

கவனிக்க வேண்டியவை

திறந்த பொருள் என்பதாலேயே அது சரியானதாகிவிடாது. திருத்தும் உரிமை தவறாகத் திருத்தும் உரிமையையும் உள்ளடக்கியது. ஆகவே ஓர் ஆசிரியர் ஆக்கியதை அத்துறையறிந்த மற்றோர் ஆசிரியர் பார்வையிட்ட பின்னரே அச்சுக்கு அனுப்புதல் நலம். இரு வேறு உரிமங்களையுடைய பொருள்களைக் கலக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். அதே உரிமத்தில் பகிர்க என்னும் கட்டுரையையும், வாணிபம் கூடாது என்னும் கட்டுரையையும் ஒன்றாகப் பிணைத்து ஒரே பாடமாக்குதல் பொதுவாக இயலாது. ஒன்றின் நிபந்தனை மற்றதன் நிபந்தனையோடு முரண்படும்.

திருத்திய பாடம் அரசாங்கப் பாடநூலுக்கு மாற்றாகாது என்பதையும் மறத்தலாகாது. தேர்வு மாநிலம் முழுமைக்கும் பொதுவானது. மறையூர் மாணவனும் மேற்குக் கடற்கரையைப் பற்றி எழுத வேண்டியவனே. தன் ஊரை அறிந்து அதிலிருந்து நாட்டை அறியச் செய்யும் துணைப்பாடமாகவே இதனைக் கொள்ளல் வேண்டும். மேலும் இவ்வேலைக்கு ஆசிரியரின் நேரம் தேவை. உரிமம் இலவசமாயினும் உழைப்பு இலவசமன்று. பள்ளி ஆய்வாளர்களும் பயிற்சி நிலையங்களும் இவ்வுழைப்பைப் பணியின் பகுதியாக மதித்தாலன்றி, இஃது ஓரிருவரின் ஆர்வத்தோடு நின்றுவிடும்.

பெரிய மொழிச் சமூகத்திற்குச் சந்தை தானே நூல்களை ஆக்கித் தருகின்றது. சில நூறு மாணவருக்கென நூல் வெளியிட எவரும் முதல் போடுவதில்லை. அவர்களுக்கு நூல் கிடைக்க வேண்டுமாயின், பிறர் ஆக்கியதை அவர்தம் ஆசிரியர்கள் எடுத்துத் திருத்திக்கொள்ளும் உரிமை இருத்தல் வேண்டும். பொதுப் பணத்தில் ஆக்கப்படும் ஒவ்வொரு பாடத்தின் கடைசிப் பக்கத்திலும் அவ்வனுமதி ஒரு வரியாக அச்சிடப்படுமாயின், பாம்பாறு கிழக்கே ஓடுவதைக் காணும் சிறுவன், அது ஏன் அவ்வாறு ஓடுகின்றது என்பதைத் தன் பாடத்திலேயே, தன் மொழியிலேயே படிக்கலாம்.